கல்லூரி மைக்ராஸ்கோப்பில் வெள்ளி நானோ துகளைப் பார்ப்பது எப்படி?

கேள்வி இது: ஏற்காட்டுக் காப்பி இலையின் சாற்றைச் சில்வர் நைட்ரேட்டில் கலந்து வெள்ளி நானோ துகள் தயாரித்தாயிற்று. கரைசல் பழுப்பாகிவிட்டது, யு.வி. ஸ்பெக்ட்ரத்தில் 430 நானோமீட்டர் பக்கம் மேடும் வந்திருக்கிறது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பினால் செலவு, அதற்கு மேல் காத்திருப்பு. சேலத்தில் நம் ஆய்வகத்தில் இருக்கும் 40எக்ஸ் மைக்ராஸ்கோப்பிலேயே பார்த்துவிட முடியுமா? “200 நானோமீட்டருக்குக் கீழே ஒன்றும் தெரியாது” என்று வகுப்பில் சொன்னது என்ன ஆயிற்று?

வகுப்பில் சொன்னது சரிதான், பாதி மட்டும் சொல்லியிருக்கிறார்கள். 1873-இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே சொன்ன எல்லை, அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காண்பதற்கான எல்லை. அலைநீளத்தை லென்ஸின் நியூமரிக்கல் அபெர்ச்சரின் (லென்ஸ் எவ்வளவு அகலமான கூம்பில் ஒளியை வாங்கும் என்பதன் அளவு, இனி என்.ஏ.) இரு மடங்கால் வகுத்தால் வருவது அது. பச்சை ஒளி 550 நானோமீட்டர், 40எக்ஸ் லென்ஸின் என்.ஏ. 0.65 என்றால் சுமார் 420 நானோமீட்டர். 100எக்ஸ் ஆயில் லென்ஸில் 1.25 என்றால் 220. ஒற்றைத் துகள் தனியாக நின்று ஒளியைச் சிதறடித்தால், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும், போதுமான ஒளி கண்ணுக்கு வந்தால் தெரியும். ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியே விழும் வெயில் கற்றையில் தூசி மினுங்குவதைப் போலத்தான். 1903-இல் ஸீடென்டாப்பும் ஸிக்மோண்டியும் செய்த அல்ட்ரா மைக்ராஸ்கோப் முழுக்க இந்தத் தத்துவத்தில் ஓடியது. ஸிக்மோண்டிக்கு 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் கிடைத்தது கூழ்மக் கரைசல்களைப் பற்றிய இந்த வழிப் பணிக்காகத்தான்.

ஆக, துகள் இருக்கிறதா, எத்தனை இருக்கிறது, எப்படி நகர்கிறது, என்ன நிறத்தில் மின்னுகிறது, இவ்வளவும் பார்க்கலாம். உருண்டையா, முக்கோணமா, 40-ஆ 60-ஆ என்பது தெரியாது. 40எக்ஸில் எந்த நானோ துகளும் சுமார் 1 மைக்ரோமீட்டர் அகல ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். 50 நானோமீட்டர் துகளும் 100 நானோமீட்டர் துகளும் அகலத்தில் ஒன்று, பிரகாசத்தில்தான் வேறு. அந்தப் புள்ளியின் மேல் ஸ்கேல் வைத்து “துகள் அளவு 900 நானோமீட்டர்” என்று எழுதும் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.

புள்ளியை வரவழைப்பது ஒரு மதிய வேலை. அந்தப் புள்ளி வெள்ளிதான் என்று நிரூபிப்பதுதான் பெரிய வேலை. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் டார்க் ஃபீல்டு. விளக்கின் நேர் ஒளி லென்ஸுக்குள் போகவே கூடாது. துகள் சிதறடித்த ஒளி மட்டும் போக வேண்டும். அதற்குக் கண்டென்சருக்கு (ஸ்லைடுக்குக் கீழே விளக்கொளியைக் குவிக்கும் லென்ஸ்) அடியில் உள்ள ஃபில்டர் வளையத்தில், நடுவில் கறுப்பு வட்டத் தகடு ஒட்டிய கண்ணாடியோ தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டோ வைத்தால் போதும். ஒளி சுற்றோரமாக மட்டும் ஏறி, மாதிரியில் சாய்வாக விழும்.

வட்டத்தின் அளவை யாரிடமும் கேட்க வேண்டாம், உங்கள் மைக்ராஸ்கோப்பே சொல்லும். 40எக்ஸில் ஒரு சாதாரண ஸ்லைடை ஃபோகஸ் செய்யுங்கள். ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். லென்ஸின் பின்பக்கம் ஒளிவட்டமாகத் தெரியும். ஐரிஸை (கண்டென்சரில் ஒளித் திறப்பைச் சுருக்கி விரிக்கும் அமைப்பு) மெதுவாக மூடிக்கொண்டே வந்து, அதன் விளிம்பு ஒளிவட்டத்தின் விளிம்பைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது ஐரிஸ் திறப்பின் விட்டத்தை அடியிலிருந்து வெர்னியரால் அளந்து, அதைவிட 10 முதல் 15 சதவீதம் பெரிய வட்டம் வெட்டுங்கள். மாணவர் மாடல்களில் 40எக்ஸுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 மி.மீ. வரும். வேலை செய்யும்போது ஐரிஸை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு “ஒன்றுமே தெரியவில்லை, முழு இருட்டு” என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

வட்டத்துக்குக் கறுப்புச் சார்ட் பேப்பர் மட்டும் போதாது, பலமான விளக்கில் ஒளி ஊடுருவும். லேசர் பிரிண்டரில் ஓ.எச்.பி. ஷீட்டில் அச்சடித்த கறுப்பும் அப்படியே, ஊசித் துளைகளாக ஒளி கசியும். அலுமினிய ஃபாயிலைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு இடையில் ஒட்டி வெட்டினால் சரியாக இருக்கும். நடுவில் இல்லாமல் 1 மி.மீ. விலகினாலும் படத்தின் ஒரு பக்கம் பால் போல வெளுத்துவிடும். ஐபீஸைக் கழற்றிப் பார்த்துக்கொண்டே ஷீட்டை விரலால் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கண்டென்சரை மேலும் கீழும் ஏற்றி இறக்கி, பின்னணி அதிகம் இருண்டு நடுப்பகுதி அதிகம் மின்னும் உயரத்தைப் பிடியுங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். கண்டென்சரின் மேல் 1.25 என்று எழுதியிருந்தாலும், அதற்கும் ஸ்லைடுக்கும் இடையில் காற்று இருக்கும்வரை 1.0-க்கு மேல் கிடைக்காது. கண்டென்சரின் தலையில் ஒரு சொட்டு இம்மர்ஷன் ஆயில் விட்டு, ஸ்லைடின் அடிப்பக்கம் அதைத் தொடும்படி உயர்த்துங்கள். கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினும் ஒப்பேறும், ஒளிவிலகல் எண் 1.47 பக்கம். இப்போது இன்னும் பெரிய வட்டம் வைத்து ஓரத்து ஒளியை மட்டும் விட்டால், அந்த ஒளி நீரைக் கடந்து கவர் ஸ்லிப்பின் மேற்பரப்பில் முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்பிவிடும். லென்ஸுக்குள் நேர் ஒளி ஒரு துளியும் போகாது. பின்னணி மை மாதிரி ஆகும். இது நீரில் மிதக்கும் மாதிரிக்கு மட்டும். ஸ்லைடில் காய்ந்த மாதிரியென்றால் ஒளி காற்றுக்குள்ளேயே வராது.

100எக்ஸ் ஆயில் லென்ஸை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அதன் என்.ஏ. 1.25, கண்டென்சரின் ஒளிக்கூம்பு அதைவிட அகலமாக இருந்தாக வேண்டும், சாதாரண கண்டென்சரில் அது நடக்காது. 40எக்ஸே சரி.

விளக்கு அடுத்த சிக்கல். வட்டம் பெரும்பகுதி ஒளியைத் தின்றுவிடும். மிச்சத்தில் துகள் சிதறடிப்பதோ சொற்பம். மைக்ராஸ்கோப்போடு வரும் 1 வாட் எல்.இ.டி. பத்தாது. 10 வாட்டுக்கு மேற்பட்ட, ஒரே சிப் உள்ள எல்.இ.டி.யை ஹீட் சிங்கோடு அடியில் பொருத்துங்கள். இங்கே வெள்ளிக்கென்று ஒரு தனிச் சங்கடம். சிறிய வெள்ளித் துகள் அதிகம் சிதறடிப்பது 400 முதல் 430 நானோமீட்டரில், வெள்ளை எல்.இ.டி.யின் நீல முனை 450 பக்கம், அதற்குக் கீழே சட்டென்று சரிந்துவிடும். ஹாலஜனிலும் நீலம் குறைவு. அதனால் வெள்ளை விளக்கில் உங்கள் சிறு துகள்கள் மறைந்து, பெரிய துகள்களும் கட்டிகளும் மட்டும் முன்னே வந்து நிற்கும். 400 முதல் 430 நானோமீட்டரில் ஒளிரும் ஊதா எல்.இ.டி. ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும். கண்ணாடி வைத்த பழைய மைக்ராஸ்கோப்பில் நேர் வெயிலைத் திருப்பும் யோசனை வரும். வட்டம் ஒரு கணம் நகர்ந்தாலும் கண் போய்விடும். செய்தே தீருவதென்றால் ஐபீஸில் கேமரா மட்டும் இருக்கட்டும்.

எவ்வளவு சிறியது வரை? அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளில் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 40-லிருந்து 80-க்குப் போனால் பிரகாசம் 64 மடங்கு. அதனால் மெதுவாக மங்கி மறைவது கிடையாது, ஒரு அளவுக்குக் கீழே பொட்டென்று காணாமல் போய்விடும். மேலே சொன்ன அமைப்பில் வெள்ளி 50 நானோமீட்டர் வரையும், தங்கம் 60 முதல் 80 வரையும் எதிர்பார்க்கலாம். பால், லேடெக்ஸ் போன்றவை 150, 200-க்கு மேல். இலைச்சாற்றில் செய்த துகள் 15, 20 நானோமீட்டர்தான் என்றால், நீங்கள் பார்ப்பது அந்தத் துகளை அல்ல, அதன் கட்டிகளை.

முதன்முறை பழகுவதற்கு நேராக உங்கள் மாதிரியைப் போடாதீர்கள். ஆடை நீக்கிய பாலை ஆயிரம் மடங்கு தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். அதிலுள்ள கேசின் உருண்டைகள் 50 முதல் 300 நானோமீட்டர் வரை. துடிதுடித்துக்கொண்டு நிறைய தெரியும். அது தெரியும்வரை அமைப்பைத் திருத்துங்கள்.

அடுத்து, எது என்றே தெரியும் ஒரு வெள்ளி மாதிரி கையில் வேண்டும். 1982-இல் லீயும் மைஸலும் வெளியிட்ட முறை எளிது: 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 18 மி.கி. சில்வர் நைட்ரேட், கொதித்ததும் 1 சதவீத சோடியம் சிட்ரேட் 2 மி.லி., ஒரு மணி நேரம் கொதிநிலை. பச்சை கலந்த மஞ்சள்-சாம்பல் கலங்கல் வரும். அளவு ஒரே சீராக இருக்காது, நமக்கு அதுவே நல்லது. டார்க் ஃபீல்டில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலந்து தெரியும். சில்வர் நைட்ரேட்டை ரசாயனக் கடையில் பொட்டலமாகவே வாங்குங்கள். சேலத்தில் கொலுசுப் பட்டறை வெள்ளி சுலபமாகக் கிடைக்கிறதே, நைட்ரிக் அமிலத்தில் கரைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதில் செம்பும் பற்றுவைத்த உலோகமும் இருக்கும், கரைசல் நீலம் காட்டினாலே செம்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீரில் கவனம். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கேன் ஆர்.ஓ. தண்ணீரிலும் குளோரைடு மிச்சம் இருக்கும். பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் சில சமயம் பரவாயில்லை, சில சமயம் இல்லை. சோதிப்பது சுலபம்: ஒரு சோதனைக் குழாயில் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். இலேசாகப் பால் போலக் கலங்கினால் அந்தத் தண்ணீர் ஆகாது. தேர்ந்த தண்ணீரையும் 0.22 மைக்ரோமீட்டர் சிரிஞ்ச் ஃபில்டரில் வடித்துத்தான் நீர்க்கச் செய்யப் பயன்படுத்த வேண்டும்.

நீர்த்தலுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன அளவில் வெள்ளி முழுக்க 60 நானோமீட்டர் உருண்டையாக மாறினால் ஒரு மி.லி.யில் ஏறத்தாழ 10,000 கோடி துகள் இருக்கும். 40எக்ஸில் காட்சி வட்டம் சுமார் 0.45 மி.மீ., ஃபோகஸில் நிற்கும் தடிமன் 1.5 முதல் 2 மைக்ரோமீட்டர். அந்த மெல்லிய நீரடுக்குக்குள் நூறு துகள் இருந்தால் பார்க்க வசதி, அதற்கு மி.லி.க்கு 30 கோடி போதும். எனவே சுமார் 300 மடங்கு நீர்க்க வேண்டும். நேரே பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு வைத்தால் வெறும் வெளிச்சப் புகைதான் தெரியும். பெரும்பாலானவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

ஸ்லைடையும் கவர் ஸ்லிப்பையும் பாத்திரம் கழுவும் சோப்புநீர், வடிகட்டிய நீர், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் என்ற வரிசையில் கழுவி, ப்ளோயரால் காற்றடித்து உலர்த்துங்கள். துணியால் துடைத்தால் நூல்தூசி. கவர் ஸ்லிப் 0.17 மி.மீ. இருக்க வேண்டும், லென்ஸிலேயே 160/0.17 என்று பொறித்திருக்கும்; தடிமன் மாறினால் புள்ளியைச் சுற்றிப் புகைபோல வட்டம் வரும். 22 மி.மீ. சதுரக் கவர் ஸ்லிப்புக்கு 7 மைக்ரோலிட்டர் போதும், நீரின் தடிமன் 15 மைக்ரோமீட்டர் அளவில் நிற்கும். நான்கு ஓரத்தையும் வாஸலினால் அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் மின்விசிறிக் காற்றில் ஓரம் காய்ந்து, எல்லாத் துகளும் ஒரே திசையில் ஆறு போல ஓடும். ஒரே திசை ஓட்டம் என்றால் அது பிரௌனியன் அசைவு (நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் தாறுமாறான துடிப்பு) அல்ல, கசிவு.

இனி முக்கியமான பகுதி. இலைச்சாறு வெறும் வேதிப்பொருள் கரைசல் அல்ல. நீங்கள் வாட்மன் 1 தாளில் வடிகட்டியிருப்பீர்கள்; அது தடுப்பது 11 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டதை. செல் சிதைவு, மாவுத்துகள், புரதக் கட்டி எல்லாம் அதன் வழியே வந்துவிடும். இரண்டு நாள் மேஜையில் கிடந்த சாறென்றால் சேலத்து வெயிலுக்குப் பாக்டீரியாவும் பெருகியிருக்கும், அவை டார்க் ஃபீல்டில் பளபளவென்று தெரியும். அதனால் ஒரே நாளில், ஒரே விளக்கு, ஒரே கேமரா அமைப்பில் நான்கு ஸ்லைடுகள் பாருங்கள்: வடிகட்டிய நீர் மட்டும், அதே செறிவு சில்வர் நைட்ரேட் மட்டும், அதே அளவு நீர்த்த இலைச்சாறு மட்டும், கடைசியாக உங்கள் மாதிரி. மூன்றாவதிலும் நான்காவதிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைப் புள்ளி என்றால், பார்த்தது இலைதான்.

நிறமும் துப்புக் கொடுக்கும். இலைத் துணுக்கு மங்கிய வெள்ளையாக இருக்கும். தனி வெள்ளித் துகள் அடர்ந்த நீலம், பெரிதானால் பச்சைப் பக்கம் போகும், இரண்டு மூன்று ஒட்டினால் மஞ்சள், சிவப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் சில்வர் குளோரைடு ஏமாற்றும். இலைச்சாற்றில் குளோரைடு உண்டு. வெள்ளி அயனியோடு சேர்ந்து வெளுத்த குளோரைடுத் துகள்கள் உருவாகும். இப்படி இலைச்சாற்றில் செய்யும் பசுமைத் தயாரிப்புகளின் எக்ஸ்-ரே விளிம்பு விளைவுப் படங்களில் 27.8, 32.2, 46.2 டிகிரியில் எட்டிப் பார்க்கும் கோடுகள் பல நேரம் அதனுடையவைதான், “இலையின் கரிமப் பொருள்” என்று பூசி மெழுகிவிடுகிறார்கள்.

இதைப் பிரிக்க மலிவான வழி உண்டு. மாதிரியை மூன்று குழாயில் பிரியுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் 1 மி.லி.க்கு சம அளவு நீர் கலந்த நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு: உலோக வெள்ளி கரைந்து நீலப் புள்ளிகள் மறையும், குளோரைடு மறையாது. மூன்றாவதில் சில சொட்டு அம்மோனியா: குளோரைடு உடனே கரையும், உலோக வெள்ளி நின்று மெதுவாகத்தான் குறையும். இரண்டிலும் அசையாமல் மிஞ்சுவது இலைக் குப்பை. எண்ணிக்கையை மூன்றிலும் எழுதி ஒப்பிட்டால், ஒரு பக்கத்தில் அழகான ஆதாரம் வந்துவிடும். அம்மோனியா சேர்த்த வெள்ளிக் கரைசலை மட்டும் ஒருபோதும் சேமித்து வைக்காதீர்கள். நின்றால் வெடிக்கக்கூடிய படிவு உண்டாகும். வேலை முடிந்த உடனேயே நீர்த்த அமிலம் விட்டு முறித்து, வெள்ளிக் கழிவுப் பாட்டிலில் ஊற்றிவிடுங்கள்.

அளவு வேண்டுமென்றால் புள்ளியின் அகலத்தை விட்டுவிட்டு அதன் துடிப்பை அளக்க வேண்டும். சிறிய துகள் வேகமாக அலையும். ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டைன் உறவு: விட்டம் = போல்ட்ஸ்மன் மாறிலி × கெல்வின் வெப்பநிலை ÷ (3 × பை × பாகுநிலை × விரவல் மாறிலி). விரவல் மாறிலி என்பது துகள் எவ்வளவு வேகமாக அலைந்து பரவுகிறது என்பதன் அளவு. நீருக்கு இதைச் சுருக்கினால், விரவல் மாறிலியை விநாடிக்குச் சதுர மைக்ரோமீட்டரில் எடுத்துக்கொண்டு, 25 டிகிரியில் 490-ஐ, 30-இல் 557-ஐ, 35-இல் 628-ஐ அதனால் வகுத்தால் விட்டம் நானோமீட்டரில் வந்துவிடும். வெப்பநிலை எவ்வளவு கழுத்தைப் பிடிக்கிறது பாருங்கள். மே மாத மதியம் சேலத்தில் 35 டிகிரி அறையில் எடுத்த வீடியோவுக்குப் பாடப்புத்தக 25 டிகிரியைப் போட்டால், 100 நானோமீட்டர் துகள் 78 என்று வரும். பலமான விளக்கு ஸ்லைடை இன்னும் சூடாக்கும். அறையின் சுவர் வெப்பமானியை நம்பாமல் ஸ்லைடின் ஓரத்தில் தெர்மோகப்பிளை ஒட்டி அளங்கள்.

வீடியோவுக்குச் செல்போனை ஐபீஸில் பிடிமானத்தோடு பொருத்தி, புரோ மோடில் ஷட்டர் 1/30, ஐ.எஸ்.ஓ. 800 முதல் 1600, ஃபோகஸ் பூட்டிய நிலை. ஆட்டோவில் விட்டால் இருண்ட பின்னணியை வெளுக்க வைத்துக் கெடுத்துவிடும். பல போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். 30 என்று காட்டிவிட்டு இருட்டில் 24-க்கு இறங்கியிருக்கும். நேரக் கணக்கு அங்கேயே தப்பிவிடும், ஃபிரேம் வேகத்தைப் பூட்டும் ஆப் பயன்படுத்துங்கள். பிக்ஸல் அளவுக்கு 1 மி.மீ.யை நூறாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை அதே நிலையில் ஒரு படம் எடுங்கள். பிறகு இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருள், அதில் துகள்களின் தடத்தைத் தொடரும் டிராக்மேட்; இரண்டும் இலவசம். சமதளத்தில் சராசரி வர்க்க நகர்வு (நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தின் சராசரி) = 4 × விரவல் மாறிலி × நேரம்.

30 டிகிரியில் 100 நானோமீட்டர் துகளின் விரவல் மாறிலி 5.6. அதாவது ஒரு ஃபிரேமுக்குள் சுமார் 0.9 மைக்ரோமீட்டர் தாவும், 0.2 விநாடியில் ஃபோகஸ் தளத்தை விட்டே போய்விடும். ஒரு துகள் ஆறேழு ஃபிரேம்தான் கையில் நிற்கும் என்பதால், ஒன்றிரண்டு தடங்களை வைத்து அளவு சொல்வது வீண், நூற்றுக்கணக்கில் சேருங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் புள்ளிகளைக் கணக்கிலிருந்து நீக்குங்கள், இல்லாவிட்டால் அளவு பெரிதாகும். கிடைக்கும் எண், துகளோடு அதன் மேலுள்ள இலைப் பூச்சும் நீர்ப்போர்வையும் சேர்ந்த விட்டம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் தரும் எண்ணைவிடப் பெரிதாக இருப்பது இயல்பு, அடித்துத் திருத்த வேண்டாம்.

லேசர் வழியும் உண்டு. மாதிரியை ஒரு தெளிவான க்யூவெட்டில் (ஸ்பெக்ட்ரம் எடுக்கும் சிறு சதுரக் குப்பி) ஊற்றிப் படுக்க வைத்து, பக்கவாட்டில் 5 மில்லிவாட் பச்சை லேசரை ஒரு சிறு லென்ஸால் மெல்லிய கற்றையாக்கிச் செலுத்தி, மேலிருந்து 10எக்ஸில் பார்ப்பது. ஸிக்மோண்டியின் அமைப்புக்கு இது நெருங்கிய சொந்தம். பின்னணி அருமையாக இருளும், ஆனால் நிறத் துப்பு போய்விடும். மலிவு லேசர் பாயிண்டர்களில் எழுதியதைவிடப் பல மடங்கு திறன் இருப்பதும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு சேர்ந்து கசிவதும் சகஜம். ஐபீஸில் கண்ணை வைக்காமல் கேமராவில் மட்டும் பாருங்கள்.

ஏற்காட்டில் வைத்துச் செய்பவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சிட்ரேட் முறையில் ஒரு மணி நேரத்தோடு நிறுத்தாமல், நிறம் மாறுவது நிற்கும்வரை கொதிக்க விடுங்கள். மலை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். நார் நாராகப் படர்ந்த அந்தப் பூஞ்சை, சாதாரண வெளிச்சத்தில் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, டார்க் ஃபீல்டில் பின்னணி முழுக்கச் சாம்பல் பூசிவிடும். அப்ஜெக்டிவை (அந்த 40எக்ஸ் லென்ஸை) கழற்றி, ஐபீஸையே தலைகீழாகப் பிடித்துப் பூதக்கண்ணாடியாக்கி, அதன் வழியே பின்பக்க லென்ஸைச் சாய்வான டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நார் தெரிந்தால் எவ்வளவு வட்டம் வெட்டினாலும் இருட்டு வராது, லென்ஸைச் சுத்தம் செய்பவரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.